மழையில் நனைந்த வைக்கோலைக் காப்பாற்றுவது எப்படி: கட்டுவதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

காவிரிப் படுகையில் வைக்கோல் நனைய இரண்டு காலங்கள் உண்டு. குறுவை அறுவடை புரட்டாசி, ஐப்பசியில் முடியும்போது வடகிழக்குப் பருவமழை தலைக்கு மேல் நிற்கும். சம்பாவும் தாளடியும் தை, மாசியில் அறுவடைக்கு வரும். அப்போது மழைக்காலம் முடிந்துவிட்டது என்று பேர்தான். வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானால் போதும், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் வயலில் கிடக்கும் வைக்கோல் எல்லாம் நனைந்துவிடும்.

கையால் அறுத்த காலத்தில் கதிர்க்கட்டு களத்துக்குப் போய், அடித்து, உதறி, அங்கேயே காய்ந்து போர் ஏறியது. இப்போது அறுவடை இயந்திரம் நெல்லைத் தொட்டியில் சேர்த்துக்கொண்டு வைக்கோலை வரிசையாக வயலிலேயே தள்ளிவிட்டுப் போகிறது. அது காய்ந்து, கட்டும் இயந்திரம் வந்து ரோல் போடும் வரைக்கும் சில நாட்கள் ஆகும். அந்த இடைவெளியில் பெய்யும் மழைக்கு என்ன செய்வது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெல் வைக்கோலிலிருந்து மழை கரைத்துக்கொண்டு போவதற்குப் பெரிதாக எதுவும் இல்லை. குதிரைமசால், வேலிமசால் மாதிரி இலைத் தீவனம் நனைந்தால் இலை உதிரும், சர்க்கரை கரையும், நல்ல சத்து போய்விடும். நெல் வைக்கோலில் புரதமே 3 முதல் 4 சதவீதம்தான். இனிப்பெல்லாம் ஏற்கெனவே நெல்மணிக்குப் போய்விட்டது. கரைவது பெரும்பாலும் சாம்பல் சத்து (பொட்டாஷ்). மாட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து சேரவிடாமல் தடுக்கும் ஆக்சலேட்டும் கொஞ்சம் போகும், அது மாட்டுக்கு நஷ்டமே இல்லை. ஆகவே ஒரு மழை அடித்த வைக்கோலைப் பார்த்து "போச்சு" என்று கைவிட வேண்டியதில்லை. கெடுதல் வருவது, அது முழுசாகக் காயும் முன்பே "நாளைக்கு மறுபடி மழை வருமாம்" என்று பயந்து கட்டிவிடும்போது. வயலில் கிடந்து நனைந்த வைக்கோல் திரும்பக் காயும். ரோலுக்குள் மாட்டிக்கொண்ட ஈரம் வெளியே வர வழி இல்லாமல் வைக்கோலைப் புழுங்கவைக்கும்.

எந்த நிலையில் நனைந்தது?

அறுத்த அன்றோ மறுநாளோ, பச்சை மாறாமல் இருக்கும்போது பெய்திருந்தால் கவலை குறைவு. தண்டுக்குள் ஏற்கெனவே பாதிக்குமேல் ஈரம்தான். மேலே ஒட்டிய தண்ணீர் காற்றடித்தால் ஒரு பகலில் போய்விடும்.

நன்றாகக் காய்ந்து, நாளைக்குக் கட்டலாம் என்றிருக்கும்போது பெய்திருந்தால் வேலை அதிகம். இயந்திரத்துக்குள் போய் நசுங்கி உடைந்த தண்டு, காய்ந்த பிறகு தண்ணீரை வேகமாக இழுத்துக்கொள்ளும். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். பூசணம் பிடிப்பதும் இந்த வைக்கோலில்தான் சீக்கிரம். நம் ஊர் வெக்கையில் மூன்று நான்கு நாள் ஈரமாகவே கிடந்தால் வெள்ளையோ சாம்பலோ கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிடும்.

வயலில் தண்ணீர் கட்டி அதில் ஊறியதையும், பெல்ட் வண்டியின் (சக்கரத்துக்குப் பதில் பட்டையில் ஓடும் அறுவடை இயந்திரம்) தடத்தில் சேற்றோடு அழுந்தியதையும் தீவனக் கணக்கிலிருந்து இப்போதே எடுத்துவிடுங்கள். அதைச் சேர்த்துக் கட்டினால் ஒவ்வொரு ரோலிலும் மண் ஏறும். அந்த மண்ணோடு வரும் கிருமிகள் நல்ல வைக்கோலையும் கெடுக்கும். ஒரே வயலில் மூன்று நிலையும் இருக்கலாம். மேட்டுப் பக்கம் ஒரு மாதிரி, மடைவாய்ப் பக்கம் வேறு மாதிரி. தனித்தனியாகவே நடத்துங்கள்.

மழை விட்டதும்

முதல் வேலை வைக்கோலில் இல்லை, வரப்பில். வடிகால் பக்கம் வரப்பை வெட்டி நிற்கும் தண்ணீரை இறக்குங்கள். அடியில் ஈரம் நிற்கும்வரை மேலே எத்தனை தடவை புரட்டினாலும் பயனில்லை, வெயில் ஏறும்போது கீழிருந்து ஆவி வந்து மறுபடி நனைக்கும்.

டிராக்டரை அவசரப்பட்டு இறக்காதீர்கள். வயலுக்குள் நடந்து பாருங்கள். குதிகால் பதிந்து குழி விழுந்தால் இன்னும் நேரம் வரவில்லை. டெல்டாவின் களிமண்ணில் ஈரத்தோடு சக்கரம் ஏறினால் மண் இறுகி, அடுத்த பயிரின் வேர் வரைக்கும் அதன் விளைவு தெரியும்.

சொட்டச் சொட்ட இருக்கும் வைக்கோலை உடனே கிளறவும் வேண்டாம். மேல்பக்கம் தண்ணீர் வடிந்து, கையில் ஒட்டாத அளவுக்கு வரட்டும். நல்ல வெயில் என்றால் அரை நாள் போதும். அதற்குப் பிறகு கவைக்கம்பால் வாரி, உதறி, அடிப்பக்கம் மேலே வரும்படி போடுங்கள். உதறுவது முக்கியம். அப்படியே திருப்பி வைத்தால் கட்டியாக ஒட்டியிருக்கும் இடங்கள் நடுவில் ஈரமாகவே நிற்கும். ஏக்கர் கணக்கில் இருந்தால் டிராக்டரில் மாட்டி வைக்கோலை வாரிப் புரட்டும் ரேக் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். ஆனால் அதன் பற்கள் மண்ணைத் தொடாத உயரத்தில் ஓட்டச் சொல்லுங்கள்.

இங்கே அறுவடை நாளைப் பற்றி ஒரு வார்த்தை. தாளை ஒரு சாண் உயரம் விட்டு அறுக்கச் சொன்னால் வைக்கோல் மண்ணில் படாமல் அந்தத் தாளின் மேல் படுத்திருக்கும், அடியில் காற்று ஓடும். ஒட்ட அறுத்தால் வைக்கோல் கொஞ்சம் அதிகம் கிடைக்கும், மழை வந்தால் மொத்தமும் சேற்றில் படுக்கும். வானிலை சந்தேகமாக இருந்தால் நான் எப்போதும் உயரத் தாளுக்கே சொல்வேன்.

சம்பாவில் இன்னொரு அவசரமும் சேரும். அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே உளுந்தோ பயறோ தெளித்திருந்தால் வைக்கோலுக்கு அடியில் அது முளைத்துக்கொண்டிருக்கும். நனைந்த வைக்கோல் கனமாக மேலே படுத்தால் நாற்று வெளுத்து அழுகிவிடும். அந்த வயலில் காயும்வரை காத்திருக்க முடியாது. ஈரத்தோடே வாரி வரப்பிலோ களத்துமேட்டிலோ மெல்லியதாகப் பரப்பிவிடுங்கள். கூலி செலவாகும். ஆனால் அந்த ஈரத்தில் உளுந்து நன்றாகப் பிடித்தால் அதன் வருமானம் வைக்கோல் காசைவிட மேல். இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்றால் உளுந்தைப் பாருங்கள்.

காய்ந்ததா என்று பார்ப்பது

கண்ணை நம்பாதீர்கள். நிறம் காய்ச்சலைக் காட்டாது. ரோல் போடும் வைக்கோலில் ஈரம் 15 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. 18 வரை இருந்தால் கட்டி, தனித்தனியாகக் காற்றாட வைத்துச் சமாளிக்கலாம். 20-ஐத் தாண்டினால் கட்டவே வேண்டாம்.

ஈரம் கடைசியாக விட்டுப்போகும் இடம் கணு. வரிசையின் அடியிலிருந்து ஒரு தண்டை உருவி எடுங்கள், நுனியிலிருந்து வேண்டாம், அடித்தண்டாக இருக்கட்டும். கணுவைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். நகம் பதிந்து, மெல்லிய ஈரம் மினுங்கினால் இன்னும் ஒரு நாளாவது வேண்டும். நகம் இறங்காமல் கணு நொறுங்கினால் தண்டு காய்ந்துவிட்டது. பத்துப் பன்னிரண்டு இடங்களில், மேடு பள்ளம் இரண்டிலும் பாருங்கள்.

அடுத்தது முறுக்கிப் பார்ப்பது. ஒரு கைப்பிடி வைக்கோலை இரண்டு கையாலும் பிடித்துக் கயிறு திரிப்பது போல் முறுக்குங்கள். மூன்று நான்கு முறுக்கில் படபடவென்று ஒடிந்தால் சரி. ஒடியாமல் கயிறாகத் திரிந்துகொண்டே போனால் ஈரம் இருக்கிறது.

சந்தேகம் தீரவில்லையென்றால் உப்புச் சோதனை. மூடியுள்ள உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் கால்வாசி அளவுக்கு வைக்கோலைப் பொடியாக நறுக்கிப் போட்டு, வறுத்து ஆறவைத்த தூள் உப்பு ஒரு கை சேர்த்து ஒன்றிரண்டு நிமிடம் குலுக்குங்கள். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டினாலோ கட்டியானாலோ ஈரம் 15-க்கு மேல்.

எண்ணாகவே வேண்டும் என்பவர்கள் சமையலறைத் தராசில் 100 கிராம் நறுக்கிய வைக்கோலை எடைபோட்டு, தோசைக்கல்லில் மிகக் குறைந்த தீயில் கருகாமல் கிளறி, எடை இதற்குமேல் குறையவில்லை என்னும்வரை காயவைத்துப் பாருங்கள். 82 கிராம் நின்றால் ஈரம் 18 சதவீதம்.

கட்டும் நாள்

தை மாதத்தில் பனியும் ஒரு மழைதான். காலை எட்டு மணிக்கு வைக்கோலைத் தொட்டால் நேற்றைய காய்ச்சலெல்லாம் எங்கே போனது என்று தோன்றும். பனி முழுதும் விட்டு, பதினொரு மணிக்கு மேல் ஆரம்பித்து நான்கு மணிக்குள் முடியுங்கள். இயந்திரக்காரருக்கு அன்றைக்கே நாலைந்து வயல் இருக்கும், விடியற்காலையிலேயே வந்து நிற்பார். மரியாதையாகக் காத்திருக்கச் சொல்லுங்கள், அல்லது அடுத்த நாள் மதியத்துக்கு நேரம் கேளுங்கள். விட்டுக்கொடுக்கக் கூடாத இடம் இது.

நனைந்து காய்ந்த வைக்கோலுக்கு ரோலின் இறுக்கத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். எடை குறையும், ரோல் எண்ணிக்கை கூடும், கட்டுக்கூலியும் கூடும். ஆனால் உள்ளே காற்று போகும். முதல் இரண்டு ரோல் விழுந்ததும் ஒன்றை அவிழ்த்து நடுவில் கைவிட்டுப் பாருங்கள். குளிர்ச்சியாக, பிசுபிசுப்பாக இருந்தால் வேலையை நிறுத்துங்கள்.

சேறு படிந்த ஓரங்களையும் பெல்ட் தடத்தையும் கட்டாமல் தாண்டிப் போகச் சொல்ல வேண்டும். மழை அடித்த வயலின் ரோல்களுக்கு வேறு நிறக் கயிறு போட்டால் பின்னால் பிரித்து அறியச் சுலபம்.

கட்டிய பின் முதல் மூன்று வாரம்

நேராகக் கொட்டகைக்குள் கொண்டுபோய் அடுக்குவதுதான் பலரும் செய்வது. ஈரச் சந்தேகம் உள்ள ரோலை அப்படிச் செய்யாதீர்கள். மேட்டில் சவுக்குக் கம்போ பனஞ்சட்டமோ போட்டு, அதன்மேல் ஒற்றை அடுக்காக, ரோலுக்கும் ரோலுக்கும் நடுவே ஒரு முழம் இடம் விட்டு வையுங்கள். வட்ட முகம் காற்று வரும் திசையைப் பார்க்கட்டும். இரவில் பனிக்கும் மழைக்கும் மேலே தார்ப்பாய் போடலாம், பக்கங்கள் திறந்திருக்க வேண்டும்.

ஈரத்தில் நுண்ணுயிர்கள் வேலை செய்யும்போது சூடு பிறக்கும். அதைத்தான் "வைக்கோல் வெந்துபோச்சு" என்கிறோம். 15, 20 கிலோ ரோல் தனியாக நின்றால் சூடு கலைந்துவிடும். நூற்றுக்கணக்கில் நெருக்கி அடுக்கினால் நடுவில் சூடு கூடிக்கொண்டே போகும். தானாகவே தீப்பிடிப்பதும் உண்மைதான், பெரும்பாலும் அடுக்கிய இரண்டாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரத்துக்குள். ஆகவே அடுக்கியிருந்தால் தினமும் ஒரு கடப்பாரையை நடுவில் செருகி, கால் மணி நேரம் கழித்து உருவிக் கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு என்றால் இயல்பு. பிடித்துக்கொண்டிருக்க முடியாத சூடு என்றால் 55, 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டது, அன்றே அடுக்கைப் பிரித்து ரோல்களைத் தள்ளி வையுங்கள். காய்ச்சிய வெல்லம் போலவோ புகையிலை போலவோ வாடை வந்தால், ஆவியோடு புகையும் தெரிந்தால், பிரிக்கவே பிரிக்காதீர்கள். காற்று பட்ட நொடியில் பற்றும். 101-க்குக் கூப்பிட்டு, தீயணைப்பு வண்டி தண்ணீரோடு நின்ற பிறகுதான் கை வைக்க வேண்டும். வெந்த அடுக்கின் மேல் ஏறி நிற்பதும் ஆபத்து, உள்ளே பொள்ளலாகியிருக்கலாம்.

போர் போடும்போது அடுக்குக்கு அடுக்கு உப்புத் தூவும் பழக்கம் நல்லது. மாடு விரும்பித் தின்னும், பூசணமும் கொஞ்சம் தாமதமாகும். ஆனால் ஈரத்தை உப்பு எடுத்துவிடாது. காயாத வைக்கோலுக்கு அதை மருந்தாக நினைக்க வேண்டாம்.

காயவே விடாத மழை என்றால்

ஐப்பசியில் இப்படி ஆகும். இன்றும் மழை, நாளையும் மழை, தாளடி நடவுக்கு வயல் காலியாக வேண்டும். அப்போது காயவைக்கும் ஆசையை விட்டுவிட்டு, ஈரமாகவே யூரியா போட்டு மூடிவிடுவது என் கணக்கில் மிகச் சிறந்த வழி. பூசணம் பிடிப்பதற்கு முன்னால், நனைந்த இரண்டு நாளுக்குள் செய்ய வேண்டும்.

உலர்ந்த வைக்கோலுக்கு வழக்கமான அளவு 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியா, 65 லிட்டர் தண்ணீர். தண்ணீர் சேர்த்த பிறகு அதன் ஈரம் 45 சதவீதத்துக்கு அருகில் வரும். மழையில் நனைந்து வடிந்த வைக்கோல் ஏற்கெனவே அந்த ஈரத்தில்தான் இருக்கும். ஆகவே தண்ணீரைக் குறைத்து, யூரியாவை உலர் எடைக்குக் கணக்கிட வேண்டும். 100 கிலோ ஈர வைக்கோலில் பாதி தண்ணீர் என்றால் உலர் எடை 50 கிலோ, யூரியா 2 கிலோ. அதை ஐந்தாறு லிட்டர் தண்ணீரில் முழுதும் கரைத்துக்கொள்ளுங்கள்.

மேட்டில் கனமான பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, வைக்கோலை ஒரு அடி கனத்துக்குப் பரப்பி, பூவாளியால் கரைசலை ஒரே சீராகத் தெளித்து, மிதித்து அழுத்துங்கள். அதன்மேல் அடுத்த அடுக்கு. மிதிப்பதில் சோம்பல் கூடாது, காற்று நின்ற இடத்தில்தான் பூசணம் வரும். முடிந்ததும் இன்னொரு விரிப்பால் மூடி, ஓரங்களை மண் போட்டு அடைத்துவிடுங்கள். யூரியாவிலிருந்து வரும் அம்மோனியா பூசணத்தை அடக்கும், தண்டின் நாரையும் இளக்கும். 21 நாள் கழித்துத் திறந்தால் நிறம் மஞ்சள் கலந்த பழுப்பாகியிருக்கும், மூக்கைத் துளைக்கும் நெடி அடிக்கும். புரதக் கணக்கு 7 சதவீதத்துக்கு அருகில் ஏறியிருக்கும். மழைக்கு முன்பு இருந்ததைவிட நல்ல தீவனம்!

கொடுக்கும் முறை: ஒரு நாளைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, ஒன்றிரண்டு மணி நேரம் காற்றில் உலர்த்தி நெடி அடங்கிய பிறகு கொடுங்கள். முதல் நாள் கால் பங்கு, ஒரு வாரத்தில் முழு அளவு. ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்கு வேண்டாம், அதன் இரைப்பை அதற்குத் தயாராக இருக்காது. கரைசல் வாளியை மாடு எட்டும் இடத்தில் ஒரு நிமிடம்கூட வைக்காதீர்கள். குடித்துவிட்டால் வயிறு உப்பி, நுரை தள்ளி, நடுக்கம் வரும். உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும், அவர் வரும்வரை வினிகர் கலந்த குளிர்ந்த தண்ணீர் புகட்டலாம்.

பூசணம் பிடித்துவிட்டால்

வெயிலில் வெளுத்து சாம்பல் நிறமானது வேறு, பூசணம் வேறு. வெளுத்த வைக்கோலை உதறினால் தூசு பறக்காது, மழை வாடையைத் தவிர வேறு வாடை இராது. அதைத் தாராளமாகப் போடலாம், கூடவே தினம் 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவை கொடுங்கள்.

உதறும்போது மாவு போலப் பறந்தால், முடைநாற்றம் வந்தால், கறுப்பு, பச்சை மஞ்சள், இளஞ்சிவப்புத் திட்டுகள் தெரிந்தால் மாட்டுக்குப் போடாதீர்கள். மறுபடி காயவைத்தால் பூசணம் சாகும், அது விட்டுப்போன நஞ்சு அங்கேயே இருக்கும். அஃப்ளாடாக்சின் நஞ்சு மாட்டின் உடம்புக்குள் மாறி பாலில் வருகிறது. பாலில் அதற்கு இந்தியாவில் அனுமதித்த அளவு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம் மட்டுமே. சினை மாட்டுக்குக் கரு கலையும் அபாயமும் உண்டு. வடக்கே நெல் விளையும் பகுதிகளில் பூசண வைக்கோல் தின்ற எருமைகளுக்குக் குளிர்காலத்தில் வால் நுனியும் காது மடலும் அழுகி விழும் டெக்நாலா நோய் வருவது வெகு காலமாகத் தெரிந்த விஷயம். நல்ல வைக்கோலோடு கலந்து போட்டுத் தீர்த்துவிடலாம் என்ற யோசனை வேண்டாம்.

பூசண ரோலைப் பிரிக்கும்போது மூக்கையும் வாயையும் முகக்கவசத்தால் மூடிக்கொள்ளுங்கள், முடிந்தவரை திறந்த வெளியில் பிரியுங்கள். அந்தத் தூசு நுரையீரலில் நிரந்தரமான பாதிப்பை உண்டாக்கலாம்.

காளான் வளர்ப்பவர்களுக்கும் இதை விற்காதீர்கள், அவர்களுக்குப் பூசணம் இல்லாத பொன்னிற வைக்கோல்தான் வேண்டும். தென்னைக்கு வட்டப்பாத்தியில் மூடாக்காகப் போடலாம். மக்க வைப்பதானால் அடுக்கடுக்காகச் சாணக்கரைசல் தெளித்து, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயோமினரலைசரை (மக்கவைக்கும் நுண்ணுயிர்க் கலவை) டன்னுக்கு 2 கிலோ சேர்த்து, ஈரம் காயாமல் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை கிளறிவிடுங்கள்.

வயலிலேயே மடக்கி உழுவதும் நல்ல முடிவுதான். ஒரு டன் வைக்கோலில் ஏறக்குறைய 12 முதல் 17 கிலோ சாம்பல் சத்து இருக்கிறது, மழை கரைத்ததும் உங்கள் மண்ணுக்குள்தான் போயிருக்கிறது. மக்கும்போது நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், முந்தைய பயிரின் தாளை மடக்கும்போதே எக்டேருக்கு 22 கிலோ யூரியா கூடுதலாகப் போடுவது வழக்கமான பரிந்துரை. முழு வைக்கோலும் உள்ளே போனால் தேவை இன்னும் கூடும், நடவுக்கு இரண்டு மூன்று வாரமாவது இடைவெளி விடுங்கள். கொளுத்துவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

விற்பதாக இருந்தால்

மழை பட்ட ரோலை மூன்று வாரம் வைத்திருந்து, நாலைந்தை வெட்டி உள்ளே பார்த்த பிறகு விலை பேசுங்கள். வியாபாரியிடம் நனைந்து காய்ந்தது என்பதைச் சொல்லிவிடுங்கள். கைமாறும் ஒவ்வொரு ரோலும் கடைசியில் ஒரு மாட்டின் முன்னால்தான் போய் விழுகிறது. கேரளத்துக்கும் கொங்குப் பக்கத்துக்கும் போகும் லாரியில் உயரமாக அடுக்கித் தார்ப்பாயை இறுக்கிக் கட்டினால், ஈர ரோல் வழியிலேயே வேக ஆரம்பிக்கும். கட்டிய அன்றே ஏற்றச் சொல்லி வந்தால் வேறு நிறக் கயிறு போட்டவற்றை ஏற்றாமல் நிறுத்திவையுங்கள்.